உஷார்! அழகான டிவி கேம் பெட்டிக்குள் ஒரு போர்டு வெந்துகொண்டிருக்கலாம்

கார்ட்டில் போட்டுவிட்டீர்களா? பணம் கட்டாதீர்கள். இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

சாம்பல் நிறப் பெட்டி. சிவப்பு எழுத்து. முன்னால் கேசட் போடுகிற மூடி. தொண்ணூறுகளில் கோடை லீவு முழுக்கத் தரையில் உட்கார்ந்து ஆடிய டிவி கேம் மறுபடி கடைக்கு வந்த மாதிரி இருக்கும். உள்ளே போடுவது கேசட் இல்லை, ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. பார்த்தவுடன் மனசு இளகிவிடும்.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கண்ணுக்குப் பிடித்த பெட்டியை வாங்கிவிட்டு, போர்டை அதற்குள் திணிக்கிறோம்.

சென்னையை அடுத்த திருநீர்மலைப் பக்கத்தில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

பத்தாவது பரீட்சை முடித்த மகனுக்காக இந்த மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கினார். வீட்டில் பை 4 போர்டு ஏற்கெனவே இருந்தது. குடும்பப் போட்டோக்களை எல்லாம் அதில்தான் சேர்த்து வைத்திருந்தார். "எல்லா மாடலுக்கும் செட் ஆவும் சார்" என்று கடையில் சொன்னார்கள். அது பை 3-க்கான பெட்டி. ஓட்டைகள் பொருந்தவில்லை. கத்தியைச் சுட வைத்து பிளாஸ்டிக்கை அறுத்து எப்படியோ நுழைத்துவிட்டார். கையில் கிடைத்த செல்போன் சார்ஜரைச் செருகினார். டிவி ஷெல்ஃபில் செட்டாப் பாக்ஸ் மேல் வைத்து, தூசி விழாமல் இருக்கக் கண்ணாடிக் கதவையும் சாத்தினார்.

மே மாதம். அரை மணி ஆடினால் படம் திக்கித் திக்கி ஓடியது. திரையின் மூலையில் மின்னல் போல ஒரு சின்னம் வந்து வந்து போனது. கேமில்தான் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். ஒரு ராத்திரி ஆட்டத்தின் நடுவே கரண்ட் போனது. மறுபடி வந்தபோது போர்டு எழவில்லை. எஸ்டி கார்டு செத்துவிட்டது. மலையடிவாரத்தில் நடந்த தங்கை கல்யாணத்துப் படங்கள் அந்தக் கார்டில்தான் இருந்தன. வேறு காப்பி இல்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு படம்கூடத் திரும்பவில்லை.

அவர் அஜாக்கிரதையான மனிதர் இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது?

அமெரிக்காவில் 1985-இல் வந்த நின்டெண்டோ பெட்டியின் சிப் ஓடிய வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். 2019-இல் வந்த பை 4-க்குள் நான்கு மூளைகள், ஒவ்வொன்றும் 1,500 மெகாஹெர்ட்ஸ். பழைய பெட்டியின் உருவத்தை நகலெடுத்துவிடலாம். புதிய சிப்பின் சூடு வெளியே போக வழி வேண்டுமே! பை 4-இன் சிப் 80 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். அந்தத் திக்கல் அதுதான். நம் ஊரில் மே மாதம் மீனம்பாக்கத்தில் 40 டிகிரி தாண்டுவது புதிதல்ல. மூடிய ஷெல்ஃபுக்குள் காற்றே அப்படிக் கொதிக்கும்போது, அதற்குள் மூடிய பெட்டி, அதற்குள் சிப். யோசித்துப் பாருங்கள்.

இந்த அறிகுறிகளில் ஒன்றைக் கண்டாலும் நிறுத்துங்கள்!

1. "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்ற பேச்சு.
நம்பாதீர்கள். பை 3-இல் பெரிய எச்டிஎம்ஐ ஒன்று. பை 4-இல் மைக்ரோ எச்டிஎம்ஐ இரண்டு, பவருக்கு யுஎஸ்பி-சி. நெட்வொர்க் வயர் செருகும் இடமும் யுஎஸ்பி துளைகளும் இடம் மாறிவிட்டன. 2023-இல் வந்த பை 5-இல் அவை திரும்பவும் மாறின. ஹெட்ஃபோன் துளையே இல்லை. ஒன்றின் பெட்டி இன்னொன்றுக்கு ஆகாது.

2. ஃபேன் இருக்கிறது, காற்று போக வழி இல்லை.
ஃபேனைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் துளைகள் உண்டா? இல்லையென்றால் அது சூட்டையே சுற்றிச் சுற்றி அடிக்கும். பைபாஸை ஒட்டிய வீடுகளில் தூசியும் சேரும். அடைத்த ஃபேன், இல்லாத ஃபேன்.

3. திரை மூலையில் மின்னல் அல்லது தெர்மாமீட்டர் சின்னம்.
அலட்சியம் வேண்டாம். மின்னல் வந்தால் கரண்ட் போதவில்லை. தெர்மாமீட்டர் வந்தால் சூடு எல்லையைத் தொட்டுவிட்டது. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பை 5 முழு பலத்தில் ஓட 5 ஆம்பியர் வேண்டும். பெட்டியின் பின்பக்கத் துளை வழியாக, உள்ளே ஓடும் மெல்லிய வயரில் கரண்ட் போகிற பெட்டிகளில் இன்னும் கவனம். அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டுக் கரண்டை நேராகத் தொடுவது அந்த அடாப்டர்தான்.

4. பட்டனைத் தட்டியதும் பட்டென்று அணைவது.
அது அணைவதே இல்லை, கழுத்தை நெரிப்பது! போர்டு எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் அறுந்தால் கார்டு கெடலாம். சில பெட்டிகளில் முறையாக அணைக்கும் வசதி உண்டு. ஆனால் உள்ளே ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளி, போர்டில் ஸ்கிரிப்ட் என்கிற சின்ன புரோகிராமையும் போட்டால்தான் அது வேலை செய்யும். காகிதத்தில் பொடி எழுத்தில் இருக்கும். படியுங்கள்.

5. 3டி பிரின்டரில் அடித்த பெட்டி.
எந்தப் பிளாஸ்டிக் என்று கேளுங்கள். பிஎல்ஏ என்றால் வேண்டாம். 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். ஜன்னல் வெயிலில் வைத்தால் போர்டு ஓடாமலேயே வளையலாம்.

6. பேட்டரி.
கையில் பிடித்து ஆடுகிற வகைப் பெட்டிகளில் லித்தியம் பேட்டரி இருக்கும். பெட்டி லேசாக உப்பியிருக்கிறதா? மூடி சரியாகப் பொருந்தவில்லையா? சார்ஜ் போடாதீர்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். பை 5-இல் கடிகாரத்துக்கென்று பட்டன் பேட்டரி மாட்டலாம். அதற்குச் சார்ஜ் ஆகும் வகை தனி. சாதாரண பட்டன் பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் கசியும், வெடிக்கவும் கூடும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா? பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகும். காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

7. "பத்தாயிரம் கேம் நிரப்பிய கார்டு இலவசம்."
இலவசம் இல்லை. பெரும்பாலும் திருட்டு நகல்தான். திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டர் புரோகிராமை ஓட்டுவது, 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. யார் எதைப் போட்டு வைத்தார்கள் என்று தெரியாத கார்டை உங்கள் வீட்டு வைஃபையில் இணைப்பது அதைவிடப் பெரிய பயம்.

மாட்டும்போதும் பதறாதீர்கள்!

எஸ்டி கார்டை முதலில் வெளியே எடுங்கள். கார்டோடு பெட்டிக்குள் நுழைத்தால் கார்டு முறியும், துளையும் பிய்யும். பவரைக் கழற்றிவிட்டுத்தான் ஃபேன் வயரைத் தொடவேண்டும். அந்த 40 பின்களில் சில 5 வோல்ட் தரும். சிக்னல் பின்கள் தாங்குவது 3.3 வோல்ட்தான். ஒரு வரிசை தள்ளிச் செருகினால் போர்டு அந்த நொடியே போய்விடலாம். உலோகப் பெட்டியென்றால், போர்டின் அடிப்பக்கம் எங்கும் உலோகத்தில் படாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உலோகத்துக்குள் வைஃபையும் பலவீனமாகும்.

மூடிய பிறகு அரை மணி ஆடவிட்டுச் சூட்டைப் பாருங்கள். பிள்ளைக்கு அதற்கான கட்டளை தெரிந்திருக்கும். மே மாத மத்தியானத்தில் 80-ஐ நெருங்கினால் அந்தப் பெட்டி உங்கள் வீட்டுக்கு ஆகாது. திருப்பிக் கொடுங்கள்.

போட்டோவும் கேமும் ஒரே கார்டில் வேண்டவே வேண்டாம். படங்களை இன்று ராத்திரியே இன்னொரு டிஸ்கில் காப்பி போடுங்கள்.

கடைக்குக் கிளம்புமுன் போர்டில் அச்சடித்த மாடல் பெயரையும் ஆண்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த மாடலுக்கா? சூடு எந்த வழியாக வெளியே போகும்? பட்டனைத் தட்டினால் முறையாக அணையுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் வாங்குங்கள், பிள்ளையோடு உட்கார்ந்து ஆசை தீர ஆடுங்கள். ஒன்றுக்கு மழுப்பினாலும் வாங்காதீர்கள்.