கோழியின் சிறுநீரகமும் உடலின் அமிலச் சமநிலையும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் வீட்டுத் தேவைக்காகவும் மேலதிக வருவாய்க்காகவும் கோழி வளர்க்கின்றனர். குஞ்சுகள் மெலிந்து இறத்தலும், பேடுகள் மெல்லிய ஓட்டு முட்டையிடுதலும் அவர்களுக்கு நட்டம் விளைவிப்பன. இத்தகைய கேடுகளுட் சில, உடலின் அமிலச் சமநிலையோடும் சிறுநீரகத்தின் தொழிலோடும் தொடர்புடையன. ஆதலால் அத்தொழிலை அறிந்திருத்தல் பயனுடையது.

சிறுநீரகக் கலங்களின் தொழில்

கோழியின் சிறுநீரகங்கள் இரண்டும் இடுப்பென்பின் குழிகளிற் பதிந்துள்ளன. அவற்றினுள்ளே எண்ணற்ற நுண்குழாய்கள் உள. அக்குழாய்களின் சுவர்கள் கலங்களாலானவை.

உயிருள்ள கலம் தொழிற்படுகையில் அமிலம் உண்டாகும். அது கலத்தினுள்ளே திரளுமாயின் நொதியங்களின் தொழில் குன்றும். அமிலத்தன்மைக்குக் காரணமானது ஐதரசன் அயனாகும். சிறுநீரகக் கலம் ஒரு சோடியம் அயனை உள்ளே ஏற்று, அதற்கீடாக ஓர் ஐதரசன் அயனைக் குழாயினுள் தள்ளிவிடுகின்றது. மேலும், கலத்தினுள் காபனீரொட்சைட்டும் நீரும் ஒரு நொதியத்தின் உதவியாற் சேர்ந்து, ஐதரசன் அயனையும் இருகாபனேற்றையும் தருகின்றன. முன்னையது குழாயினுள் தள்ளப்படும். பின்னையது குருதியை அடைந்து அங்குள்ள அமிலத்தைத் தணிக்கும். வெளியேறும் அமிலத்தை அமோனியாவும் பொசுபேற்றும் சிறுநீரிற் பற்றிச் செல்கின்றன.

முட்டையோடும் அமிலமும்

முட்டையோடு பெரும்பாலும் கல்சியங்காபனேற்றாலானது. அது உருவாக ஏறத்தாழ 20 மணித்தியாலம் செல்லும். அப்பொழுது விடுபடும் ஐதரசன் அயன்கள் குருதியிற் கலக்க, சிறுநீரகம் அவற்றை அகற்றும். இதனால் அவ்வேளையிற் பேட்டின் சிறுநீர் அமிலமாகின்றது.

கடும் வெப்பத்திற் கோழி வாய் திறந்து இளைக்கும்போது காபனீரொட்சைட்டு மிகையாக வெளியேறும். குருதி காரத்தன்மை அடையும். ஓட்டுக்கு வேண்டிய காபனேற்றும் குறைந்து, ஓடு மெல்லியதாகும்.

எச்சத்தின் வெண்பகுதி

கோழியின் எச்சத்திற் காணும் வெண்பகுதி யூரிக்கமிலமாகும். இது நீரில் அரிதாகவே கரைவதாற் கோழி சிறிதளவு நீருடன் இதனைக் கழிக்கின்றது. குடிநீர் குறையினும் சிறுநீரகம் பழுதுறினும், இது குருதியில் மிகுந்து, இதயத்தின் மீதும் ஈரலின் மீதும் சுண்ணாம்புத் தூள்போற் படியும். கோழி இறக்கவும் கூடும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. முட்டையிடும் பேடுகளின் தீனிற் கல்சியம் ஏறத்தாழ 3.5 முதல் 4 சதவீதம் வரை உண்டு. குஞ்சுகளுக்கு 1 சதவீதமளவே போதும். பேடுகளின் தீனைக் குஞ்சுகளுக்கு ஒருபோதும் இடலாகாது; அது அவற்றின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.
2. தூய, குளிர்ந்த நீர் நாள் முழுவதும் கிடைக்கச் செய்தல் வேண்டும்.
3. கூட்டுக்கு நிழலும் காற்றோட்டமும் அவசியம். வெப்ப காலத்திற் காலையிலும் மாலையிலும் தீனிடுக.
4. பேடுகளுக்குச் சிப்பியோட்டுத் துண்டுகளை வேறு பாத்திரத்தில் வைக்குக.
5. யூரிக்கமிலம் சிதைந்து அமோனியாவைத் தரும். ஆகவே புதிய எச்சத்தைப் பயிருக்கு இடாது, மக்கவைத்த பின்னரே இடுக.

இறந்த கோழியின் உள்ளுறுப்புக்களில் வெண்படிவு காணப்படின், தாமதியாது அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.