குள்ளநரிக்கும் நாய்க்கும் நடுவே ஒரு கொசு

யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்கச் சுகாதார ஊழியர்கள் ராத்திரியில்தான் வருவார்கள். கொசு கடிக்கும் நேரம் பார்த்துத்தான் அந்த நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் தோலோர ரத்தத்துக்கு வரும். பகலில் அவை நுரையீரல் பக்கம் ஒதுங்கிவிடும்.

அதே குடும்பத்துப் புழு ஒன்று நாய் இனத்துக்கும் உண்டு: டைரோஃபிலேரியா இமிட்டிஸ், சுருக்கமாக இதயப்புழு. அமெரிக்கக் காடுகளில் கயோட்டி என்ற நரி போன்ற விலங்கையும், ஐரோப்பாவில் நம் கிண்டி தேசியப் பூங்காவில் திரியும் அதே குள்ளநரி இனத்தையும் இது பிடிக்கிறது. அங்கிருந்து வீட்டு நாய்க்கு வர வேலி ஒரு தடையில்லை. கொசு பறந்தே வந்துவிடும்.

கொசு உறிஞ்சும் ரத்தத்தோடு போகும் குஞ்சுகள், அதன் உடலில் இரண்டு வாரம்போல வளர்கின்றன. கொசு மறுபடி கடிக்கும்போது அந்தக் காயம் வழியாக அடுத்த நாய்க்குள் நுழைகின்றன. மெல்ல நுரையீரல் தமனியில் குடியேறி, ஆறேழு மாதத்தில் முழுப்புழுவாக முதிர்ந்துவிடுகின்றன. பெண்புழு 30 செ.மீ. வரை நீளும்; ஏழு வருடம்கூட வாழும். இருமல், சீக்கிரம் களைப்பு, கடைசியில் வயிறு வீக்கம் என்று நோய் மெதுவாகத்தான் தலைகாட்டும்.

கொசுவுக்குள் குஞ்சு வளர 14 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். குளிர்நாடுகளில் பனிக்காலம் நாய்களுக்கு விடுமுறை. தாம்பரத்தில் மார்கழி விடியலிலும் அவ்வளவு குளிராது. போதாததற்கு, யானைக்கால் நோயைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசுவே இதையும் சுமக்கும்; செப்டிக் டேங்கும் சாக்கடையும் அதற்குத் தாய்வீடு. காட்டை ஒட்டி வீடுகள் முளைத்த வண்டலூர், நன்மங்கலம் பக்கம் இந்தக் கொசுவுக்குப் பஞ்சமில்லை.

ஒரு ஆறுதல்: இந்தியாவில் இதயப்புழு அதிகம் தென்படுவது வடகிழக்கு மாநிலங்களில். தென்னாட்டு நாய்களிடம் அதிகம் இருப்பது அதன் தம்பி இனமான டைரோஃபிலேரியா ரெபென்ஸ். அது இதயத்துக்குப் போகாமல் தோலுக்கடியில் தங்கும். ஆனால் அது மனிதரையும் விடாது. கேரளத்தில் பலரின் கண்ணிலிருந்து இந்தப் புழுவை மருத்துவர்கள் எடுத்திருக்கிறார்கள்.

வளர்ந்த புழுவைக் கொல்வது ஆபத்தான வைத்தியம். செத்த துண்டுகள் நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும். வராமல் தடுப்பது சுலபம். 2015இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த ஐவர்மெக்டின் வகை மருந்தை மாதம் ஒருமுறை, மிகச் சிறிய அளவில் கொடுத்தால் போதும். ஆனால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மருத்துவர் சொல்லும் அளவு. மாட்டுக்கு வாங்கிவைத்த ஊசியை நாய்க்குப் போடாதீர்கள். கோலி போன்ற இனங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் வலை கட்டுங்கள். அது நாய்க்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.