மிதிவண்டிப் பந்தயமும் மருத்துவர் கடமையும்

விளையாட்டு உடலுக்கு வலிமையும் உள்ளத்திற்கு உவகையும் தருவது. நேர்மை, பொறுமை, விடாமுயற்சி முதலிய பண்புகள் விளையாட்டுக் களத்திலே நன்கு பயிலப்படுகின்றன. ஆயினும் விளையாட்டே சிலர்க்குத் தொழிலாகி, வெற்றி ஒன்றே பொருளீட்டும் வழியாகும்போது, உடலை வளர்க்க வேண்டிய விளையாட்டே உடலைக் கெடுக்கும் நிலையும் உண்டாகிறது. நோயைத் தீர்க்க வேண்டிய மருந்து நோய்க்கு வித்தாகிறது. இவ்வுண்மையை ஐரோப்பிய மிதிவண்டிப் பந்தயங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

அப்பந்தயங்களுள் தலைசிறந்தது ‘டூர் டி பிரான்சு’ என்பதாகும். பிரான்சு நாட்டைச் சுற்றி வருதல் என்பது அப்பெயரின் பொருள். செய்தித்தாள் ஒன்றன் விற்பனையைப் பெருக்கும் பொருட்டு 1903-ஆம் ஆண்டில் அது தொடங்கப்பெற்றது. இக்காலத்தில் அது மூன்று வாரங்களில் இருபத்தொரு கட்டங்களாக நடைபெறுகின்றது. வீரர்கள் கடக்கும் தொலைவு ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். ஆல்ப்சு, பிரனீசு ஆகிய மலைத்தொடர்களின் செங்குத்தான பாதைகளில் அவர்கள் கொளுத்தும் வெயிலிலும் கொட்டும் மழையிலும் ஏறியிறங்க வேண்டும். அவர்கள் தனித்தனியே வருவதில்லை, குழுக்களாகவே வருகின்றனர். குழுவுக்கு வேண்டிய பணத்தை வணிக நிறுவனங்கள் தருகின்றன. குழுவிற்கு ஒரு தலைவர், வண்டியைப் பழுது பார்ப்போர், உடலைப் பிடித்துவிடுவோர் ஆகியோரோடு மருத்துவரும் உண்டு. அம்மருத்துவருக்கு ஊதியம் அளிப்பதும் அக்குழுவே. இதனை நினைவில் இருத்துதல் வேண்டும்.

இத்துணைக் கடுமையான பந்தயத்தில் களைப்பை வெல்ல வீரர் சிலர் தொடக்கக் காலத்திலேயே மருந்துகளை நாடினர். 1924-ஆம் ஆண்டுப் பந்தயத்தின் நடுவே விலகிய பெலிசியே உடன்பிறந்தார், ஆல்பெர் லோந்தர் என்னும் செய்தியாளரிடம் தம் பைகளைத் திறந்து காட்டினர். கண்ணுக்குக் கொக்கேயின், ஈறுகளுக்குக் குளோரோபாரம், இவையன்றிப் பலவகை மாத்திரைகள் ஆகியவை அப்பைகளில் இருந்தன. அவற்றை அவர்கள் மறைக்கவும் இல்லை, நாணவும் இல்லை. அக்காலத்தில் அவற்றைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ‘ஆம்பெட்டமின்’ என்னும் ஊக்க மருந்து வீரர்களிடையே பரவியது.

இவ்வகை ஊக்க மருந்து உடலுக்குப் புதிய ஆற்றலைத் தருகின்றதா? இல்லை. அது செய்வது வேறு. உடல் தன் எல்லையை அடையும்போது, ‘இனி நிறுத்துக’ என்று விடுக்கும் எச்சரிக்கையே களைப்பு. களைப்பு ஒரு காவற்காரனைப் போன்றது. ஊக்க மருந்து அக்காவற்காரனை உறங்கச் செய்துவிடுகின்றது. வீரனோ களைப்பை உணராமல் மேலும் மேலும் முயல்கின்றான். இதயம் விரைந்து துடிக்கின்றது; உடலின் வெப்பம் ஏறுகின்றது; வியர்வையால் நீர் வற்றுகின்றது. வெயில் மிக்க நாளில் இந்நிலை உயிருக்கே இறுதியாக முடியலாம்.

அவ்வாறு நிகழக்கூடும் என்பதை முன்கூட்டியே உணர்ந்தவர் பியேர் துமா என்னும் பிரெஞ்சு மருத்துவர். அவர் எந்தக் குழுவையும் சேர்ந்தவர் அல்லர். பந்தயம் முழுவதற்கும் உரிய மருத்துவர். 1955-ஆம் ஆண்டில் வாந்தூ என்னும் மலையில் ஏறிக்கொண்டிருந்த ழான் மல்லெழாக் என்ற வீரர், நேரே செல்ல இயலாமல் தள்ளாடிச் சாலையில் விழுந்தார். விழுந்த பின்னரும் அவருடைய கால் ஒன்று மிதிகட்டையை மிதிப்பதுபோல் அசைந்துகொண்டே இருந்ததாம். துமா அவருக்கு உயிர்வளி ஊட்டி, ஊசி போட்டு உயிரைக் காத்தார். வீரர்களுக்கு இத்தகைய மருந்துகளைக் கொடுப்போர்மீது கொலை முயற்சி வழக்கே தொடுக்க வேண்டும் என்று அவர் சினந்து கூறினார்.

துமா போன்றோர் விடாது முயன்றதன் பயனாக 1965-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஊக்க மருந்துத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு, பந்தயத்தின் கட்டம் ஒன்று போர்தோ நகரில் முடிந்தபோது, அதிகாரிகள் வீரர்களின் சிறுநீரைச் சோதிக்க வந்தனர். மறுநாள் வீரர்கள் தம் வண்டிகளினின்றும் இறங்கிச் சிறிது தொலைவு நடந்தே சென்று எதிர்ப்பைக் காட்டினர். தங்களைக் காக்க வந்த சட்டத்தைத் தங்களை இழிவுபடுத்த வந்ததாகவே அவர்கள் கருதினர்.

அதற்கு அடுத்த ஆண்டே பெருந்துயரம் நிகழ்ந்தது. 1967-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 13-ஆம் நாள் வீரர்கள் மீண்டும் வாந்தூ மலையில் ஏறினர். அன்று வெயில் மிகக் கொடியது. அவர்களுள் ஒருவர் டாம் சிம்சன் என்னும் ஆங்கிலேயர். அவர் 1965-இல் உலக வாகையர் பட்டம் பெற்றவர். அப்போது வயது இருபத்தொன்பது. மலையுச்சிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் அவர் தள்ளாடி விழுந்தார். துமா விரைந்து வந்து செய்த முயற்சிகள் பயன் தரவில்லை. சிம்சனின் சட்டைப் பையில் மாத்திரைக் குப்பிகள் இருந்தன. அடக்கம் செய்வதற்கான இசைவுச் சீட்டில் துமா கையொப்பமிட மறுத்தார். அதனால் உடல் ஆராயப்பட்டது. ஆம்பெட்டமினும் மதுவும் அவர் உடலில் இருந்தமை வெளிப்பட்டது. வெப்பமும் கடும் உழைப்பும் மருந்தும் சேர்ந்து ஓர் இளம் வீரரின் உயிரைக் குடித்தன. உண்மையை மூடி மறைக்க உடன்படாமையே துமா அவருக்குச் செய்த இறுதித் தொண்டாயிற்று.

காலம் மாறியது, மருந்தும் மாறியது. நாம் மூச்சு வாங்கும்போது உட்செல்லும் உயிர்வளியைத் தசைகளுக்குச் சுமந்து செல்வன குருதியிலுள்ள சிவப்பணுக்கள். அவை எலும்பு மச்சையில் தோன்றுகின்றன. சிறுநீரகத்தில் சுரக்கும் ‘எரித்ரோபாய்ட்டின்’ என்னும் பொருள் அவற்றின் தோற்றத்தைத் தூண்டுகின்றது. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு இச்சுரப்புக் குன்றிக் குருதிச்சோகை உண்டாகும். அவர்களைக் காக்கும் பொருட்டு, 1980-க்குப் பிந்திய ஆண்டுகளில் அறிவியலறிஞர் அப்பொருளைச் செயற்கை முறையில் ஆக்கினர். இஃது உயிர்காக்கும் அரிய மருந்து. ஆனால் நோயற்ற வீரர்கள் இதனை ஊசி வழியே ஏற்றத் தொடங்கினர். சிவப்பணுக்கள் பெருகின, தசைகளுக்கு உயிர்வளி மிகுதியாகக் கிடைத்தது, வேகமும் கூடியது. அதனுடன் குருதியும் தடித்தது. தடித்த குருதி மெல்லச் செல்லும். குழாய்களில் உறைந்து அடைபடவும் கூடும். இதயத்திற்கும் மூளைக்கும் இதனால் நேரும் கேடு சிறிதன்று.

இம்மருந்தைக் கண்டுபிடிக்கும் சோதனை நெடுங்காலம் அமையவில்லை. எனவே 1997-ஆம் ஆண்டில் மிதிவண்டிப் பந்தயச் சம்மேளனம் ஒரு வரம்பு வகுத்தது. குருதியின் நூறு பங்கில் சிவப்பணுக்கள் ஐம்பது பங்கிற்கு மேற்படின், அவ்வீரர் பந்தயத்தில் கலந்துகொள்ளுதல் கூடாது என்பதே அது. வீரரின் உடல்நலம் காக்க எழுந்த இவ்விதியையே சிலர் ஏமாற்றும் அளவுகோலாக்கிக் கொண்டனர். ஐம்பதைத் தாண்டாமல் ஐம்பதை நெருங்குவது எங்ஙனம் என்பதை அறிவது எளிதன்று. அதற்கு மருத்துவ அறிவு வேண்டும். முன்பு தாமாக மாத்திரை விழுங்கிய வீரர்க்கு, இப்பொழுது அளவறிந்து ஊசி போட மருத்துவரே தேவைப்பட்டார்.

1998-ஆம் ஆண்டில் இம்மறைவு வெளிப்பட்டது. பந்தயம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், பெஸ்தினா என்னும் குழுவின் வண்டியொன்றைப் பிரான்சு, பெல்சிய நாடுகளின் எல்லையருகே சுங்க அதிகாரிகள் சோதித்தனர். நூற்றுக்கணக்கான மருந்துக் குப்பிகள் அதில் இருந்தன. குழுவின் தலைவரும் மருத்துவரும் கைது செய்யப்பட்டனர். குழு பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டது. குழுத்தலைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வீரர்கள் தாமாகவே மருந்துகளை வாங்கி அளவின்றி உட்கொண்டு உயிருக்கு ஊறு தேடிக்கொள்ளாதவாறு, மருத்துவரின் பார்வையில் அவை வழங்கப்பட்டன என்பது அவர் கூறிய அமைதி.

இக்கூற்று முதலில் கேட்போர்க்குப் பொருத்தமுடையது போலத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் இதன் பொய்ம்மை விளங்கும். மருத்துவர் தம் கையாலே மருந்தை அளிப்பின், அதனை மறுக்க நினைக்கும் இளைஞன் யாரிடம் செல்வான்? மருந்துண்ணாதவன் பின்தங்குவான், பின்தங்குபவன் வேலையை இழப்பான். ஆகவே ஒருவன் உண்ணின் மற்றவனும் உண்ண வேண்டியவனாகிறான். தீமையின் அளவைக் குறைக்கப் புகுந்த மருத்துவர், தீமையையே குழுவின் வழக்கமாக்கிவிடுகின்றார். மேலும், நோயாளியின் நலத்தையன்றிக் குழுவின் வெற்றியைக் கருதி ஊசி எடுக்கும் கை மருத்துவரின் கையாகாது.

மறுத்து நின்றவர் இல்லாமல் இல்லை. பெஸ்தினாக் குழுவிலேயே இருந்த கிறித்தோபர் பாசோன் என்னும் பிரெஞ்சு வீரர் அம்மருந்துகளைத் தொடாதவர் என்று அவருடைய தோழர்களே சான்று பகர்ந்தனர். 1999-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் வேறு குழுவின் சார்பில் ஓடிய அவர், மருந்துப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை என்று செய்தித்தாளில் எழுதினார். அதனால் உடன் ஓடியோர் அவரை ஒதுக்கினர். முன்னணியில் இருந்த அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், ஓடிக்கொண்டிருக்கும்போதே அவரை அணுகிக் கடிந்துரைத்தார். உள்ளம் நொந்த பாசோன் பந்தயத்தின் நடுவிலேயே விலகினார். உண்மை பேசியவர் வீடு திரும்பினார். ஆம்ஸ்ட்ராங் வெற்றிவாகை சூடினார்.

1999 முதல் 2005 வரை ஏழு முறை தொடர்ந்து ஆம்ஸ்ட்ராங் வெற்றி பெற்றார். முதல் ஆண்டிலேயே தடை செய்யப்பட்ட மருந்தொன்றின் சுவடு அவருடைய சோதனையில் காணப்பட்டது. முந்திய நாளைக் குறித்துப் பொய்யாக எழுதிய மருத்துவச் சீட்டு அன்று அவரைக் காத்தது. ஆயினும் 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க ஊக்க மருந்துத் தடுப்பு நிறுவனம் அவருடைய தோழர்களின் சான்றுகளைத் திரட்டி உண்மையை நிறுவியது. அவருக்கும் அவரோடு தொடர்புடைய மருத்துவர் இருவர்க்கும் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. 2013 சனவரியில் ஆம்ஸ்ட்ராங் தம் குற்றத்தைத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அவ்வேழு ஆண்டுகளின் வெற்றி வேறு எவருக்கும் வழங்கப்படவில்லை. வெற்றியாளர் பட்டியலில் அவ்விடங்கள் வெறுமையாகவே உள்ளன.

இக்குற்றங்களைத் தடுக்கும் முயற்சிகளும் வளர்ந்துள்ளன. 1999-இல் உலக ஊக்க மருந்துத் தடுப்பு நிறுவனம் தோன்றியது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டியில் எரித்ரோபாய்ட்டினைக் கண்டறியும் சோதனை கையாளப்பட்டது. 2008 முதல் மிதிவண்டி வீரர் ஒவ்வொருவரின் குருதியும் ஆண்டு முழுவதும் பலமுறை சோதிக்கப்பட்டு, அதன் அளவுகள் ஏட்டில் குறிக்கப்படுகின்றன. ஒருவரின் குருதியைப் பிறர் குருதியோடு ஒப்பிடாமல், அவருடைய பழைய அளவுகளோடே ஒப்பிடுவதால், இயற்கைக்கு மாறான மாறுதல் புலப்படும். 2011-இல், மருத்துவக் காரணமின்றி வீரர்க்கு ஊசி போடுவதே தடுக்கப்பட்டது. உண்மையாகவே நோயுற்ற வீரர், தக்க சான்று காட்டி இசைவு பெற்று மருந்துண்ண வழியும் உள்ளது.

எனினும் ஒரு தீங்கு எளிதில் நீங்குவதாயில்லை. அஃது ஐயம். இன்று ஒருவர் மலைப்பாதையில் மற்றவரை முந்திச் சென்றால், ‘எத்துணைப் பயிற்சி!’ என்று வியப்பதற்கு முன் ‘என்ன மருந்தோ!’ என்று உலகம் ஐயுறுகின்றது. பொய்யர் செய்த குற்றத்திற்கு மெய்யர் தண்டனை பெறுகின்றனர். குழுவின் மருத்துவர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தாலும் பார்ப்போர் வேறு நினைக்கின்றனர். இழந்த பொருளை ஈட்டலாம்; இழந்த நம்பிக்கையை ஈட்டுதல் அரிது.

குழுவிடம் ஊதியம் பெறும் மருத்துவர்க்கு ஒரு நாள் இரண்டில் ஒன்றைத் தேர வேண்டிய நிலை வரக்கூடும். ஒருபுறம் குழுவின் வெற்றி. மறுபுறம் வீரரின் நலம். ‘இவ்வீரர் இன்று ஓடலாகாது’ என்று அவர் அன்று துணிந்து கூற வேண்டும். அதற்காகத் தம் வேலையை இழக்கவும் அவர் அஞ்சலாகாது. வாந்தூ மலையில் சிம்சன் விழுந்த இடத்திற்கருகில் ஒரு நினைவுக் கல் நிற்கின்றது. அவ்வழியே மிதித்துச் செல்வோர் பலர் அங்கு இறங்கி வணங்கிச் செல்கின்றனர். மருந்தின் கடமை உயிரைக் காப்பது. அதனை மறந்த இடத்தில் வெற்றிக்குப் பொருளில்லை என்பதை அக்கல் நாளும் உணர்த்துகின்றது.