ஹவானாவின் கறுப்பு வைரம்

பேஸ்பால் என்ற ஆட்டம் நமக்கு அவ்வளவு பழக்கமில்லை. பாதகமில்லை! கிரிக்கெட்டில் பந்தைத் தரையில் குத்தி எழுப்புகிறார்கள் அல்லவா? இதில் பந்து தரையைத் தொடாமல் மட்டைக்காரரிடம் வரவேண்டும். அவர் அதை அடித்துவிட்டு ஓட வேண்டும். நான்கு மூலையையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஹொஸே மெந்தெஸின் கதையைக் கேட்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

மெந்தெஸ், கியூபாவில் கார்தெனாஸ் என்னும் ஊர்க்காரர். ஒல்லியான தேகம், நீண்ட விரல்கள், நல்ல கறுப்பு நிறம். அந்தத் தீவில் அடிமை முறை 1886-ல்தான் ஒழிந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1908 நவம்பர் 15. அமெரிக்காவிலிருந்து ஸின்ஸினாட்டி ரெட்ஸ் குழு ஹவானாவுக்கு வந்திருந்தது. பெரிய லீகில் ஆடுகிறவர்கள். உள்ளூர்ப் பையன்களை ஊதித் தள்ளிவிடலாம் என்ற நினைப்பு இருந்தால் வியப்பில்லை. எதிரே அல்மெந்தாரெஸ் குழுவுக்காகப் பந்து எறிய வந்தவர் மெந்தெஸ். எட்டு இன்னிங்ஸ் வரை வந்த விருந்தாளிகளில் ஒருவராலும் அவர் பந்தை ஒழுங்காக அடித்து முதல் தளம் சேர முடியவில்லை! ஒன்பதாவதில்தான் ஒரே ஒரு அடி. ஆட்டம் 1–0, வெற்றி ஹவானாவுக்கு. அந்தக் குழுவை அவர் மேலும் இரண்டு முறை சந்தித்தார். மொத்தம் 25 இன்னிங்ஸ். ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. 'கறுப்பு வைரம்' என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது.

பிறகென்ன, அமெரிக்காவுக்கு அழைத்துப் போயிருப்பார்களே என்கிறீர்களா? அதுதான் இல்லை. 1911-ல் அதே ஸின்ஸினாட்டி குழு இரண்டு கியூபாக்காரர்களைச் சேர்த்துக்கொண்டது. மார்ஸான்ஸ், அல்மெய்தா என்ற அந்த இருவரும் வெளுத்த நிறத்தவர்கள். கறுப்பரைச் சேர்க்கக்கூடாது என்று சட்டப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. எழுதாத சட்டம்தான் எப்போதும் பொல்லாதது போலிருக்கிறது! அந்தக் கதவு ஜாக்கி ராபின்ஸனுக்காக 1947-ல்தான் திறந்தது.

மெந்தெஸ் வேறு வழியில் அமெரிக்கா போனார். வில்கின்ஸன் என்ற வெள்ளைக்காரர் நடத்திய 'ஆல் நேஷன்ஸ்' குழு ஒரு வேடிக்கையான குழு. பல இனத்தவரும் அதில் ஆடினார்கள். ஒரு பெண்மணிகூட ஆடினார், சகோதரிகளே! 1914 வாக்கில் மெந்தெஸின் கை கெட்டுவிட்டது. பந்து எறிகிறவருக்குக் கை போனால் பிழைப்பே போனதுபோல. அவரோ மட்டையைப் பிடித்தார். தளங்களுக்கிடையே நின்று பந்து பிடித்தார். 1920-ல், அதே வில்கின்ஸனின் கான்ஸாஸ் சிட்டி மானார்க்ஸ் என்னும் கறுப்பர் குழுவுக்குத் தலைமை ஏற்றார்.

1924-ல் கறுப்பர் லீகுகளின் முதல் உலகத் தொடர். எதிரி ஹில்டேல் குழு. பத்தாவது ஆட்டம்தான் முடிவு சொல்ல வேண்டும். சிகிச்சை செய்துகொண்டிருந்த மெந்தெஸை, பந்து எறியக்கூடாதென்று டாக்டர் தடுத்திருந்தார். அக்டோபர் 20-ந் தேதி, ஸிகாகோவில், மெந்தெஸ் தாமே பந்தை எடுத்துக்கொண்டு நடுமேட்டுக்குப் போய்விட்டார். பழைய வேகம் இல்லை, மூளை இருந்தது. எட்டாவது இன்னிங்ஸ் வரை இரு தரப்பிலும் ஓட்டமே இல்லை. பிறகு மானார்க்ஸ் ஒரே மூச்சில் ஐந்து ஓட்டங்கள் குவித்தது. ஹில்டேலுக்குக் கடைசிவரை பூஜ்யம்தான்.

நான்கே வருஷம். 1928 அக்டோபர் 31-ல் ஹவானாவில் மெந்தெஸ் காலமானார். கியூபா தன் பேஸ்பால் புகழ் மண்டபத்தை 1939-ல் தொடங்கியபோது, முதல் வரிசையிலேயே அவர் பெயரைச் சேர்த்தது. அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுன் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2006-ல். வில்கின்ஸனுக்கும் அதே வருஷம்தான்.