விமானியின் பணியும் பொறுப்பும்

நவி மும்பையைச் சேர்ந்த நெருளில் நின்று வடதிசை வானத்தை நோக்குவோர், ஆகாய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கு நோக்கித் தாழ்ந்து செல்வதைக் காணலாம். அவை சாந்தாகுரூஸ் பகுதியிலுள்ள மும்பை விமான நிலையத்தை நாடிச் செல்பவை. விமானம் காற்றை எதிர்கொண்டு இறங்குவதே முறையாதலால், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவை கிழக்கிலிருந்து வாஷி, தாணே கடற்கழி, காட்கோபர் ஆகியவற்றின் மேலாக வருகின்றன. இறங்குவழியின் சரிவு 3 பாகை. ஆகவே, ஓடுபாதைக்கு 12 கிலோமீட்டர் தொலைவில் வரும் விமானம் ஏறத்தாழ 630 மீட்டர், அதாவது சுமார் 2,000 அடி உயரத்தில் இருத்தல் வேண்டும். இதனை உயர் வகுப்பு மாணவர்கள் திரிகோண கணிதத்தைக் கொண்டு தாமே கணக்கிட்டு விடலாம். மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், மழையிலும் இருளிலும் அக்கணக்குப் பிசகாமல் காப்பது விமானியின் கடமை.

அஞ்சற் பையுடன் தொடக்கம்

இந்நாட்டின் முறையான விமானப் போக்குவரத்து மும்பையின் ஜுஹு விமானத் தளத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் கொண்ட 'பஸ் மாத்' விமானத்தைத் தாமே செலுத்தி, அகமதாபாத் வழியாக ஜுஹுவில் வந்து இறங்கினார். அகமதாபாத்தில் எரிபொருள் தகரங்கள் மாட்டு வண்டியில் கொண்டுவரப்பட்டன. ஜுஹுவிலிருந்து அஞ்சலை நெவில் வின்சென்ட் என்னும் விமானி ஏற்றுக்கொண்டு, பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னை சேர்த்தார். அவ்விமானங்களில் வானொலித் தொடர்பு கிடையாது. வழிகாட்டும் மின்னணுக் கருவிகளும் கிடையா. திசைகாட்டி, வரைபடம், கீழே தெரியும் ஆறுகள், இருப்புப் பாதைகள் ஆகியனவே துணை. இன்று கருவிகள் பெருகியுள்ளன. ஆயினும், கிடைக்கும் செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவு செய்யும் கடமை விமானியை விட்டு அகலவில்லை.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

விமானியின் வேலை விமானத்தில் ஏறுவதற்கு முன்னரே தொடங்குகிறது. செல்லும் வழியின் வானிலை, ஓடுபாதையின் நிலை, விமானத்தின் பழுதுப் பதிவேடு, பிரயாணிகளும் சரக்கும் சேர்ந்த எடை ஆகியவற்றை அவர் ஆராய வேண்டும். எரிபொருள் போய்ச் சேருமளவுக்கு மட்டும் இருந்தால் போதாது. சேருமிடத்தில் இறங்க இயலாவிடில் மாற்று நிலையத்திற்குச் செல்லவும், அதற்கு மேலும் 30 நிமிடம் வானில் சுற்றவும் போதிய இருப்பு வேண்டும். பருவமழை நாட்களில் மும்பையில் இறங்க முடியாத விமானங்கள் அகமதாபாத், ஐதராபாத் முதலிய நகரங்களுக்குத் திரும்புவதுண்டு. அவ்வேளையில் இந்த இருப்பின் அருமை விளங்கும்.

ஓடுபாதையில் விரையும்போது 'தீர்மான வேகம்' என்ற ஓர் எல்லை உண்டு. எடை, வெப்பம், காற்று, பாதையின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு இது முன்னதாகவே கணிக்கப்படுகிறது. அவ்வேகத்தை எட்டுமுன் எஞ்சின் பழுதுற்றால் விமானத்தை நிறுத்திவிடலாம்; அதைக் கடந்தபின் நிறுத்த முயல்வது பேராபத்து. எஞ்சிய எஞ்சினைக் கொண்டு மேலெழுந்து, பின்னர்த் திரும்பி வந்து இறங்க வேண்டும். சிந்திக்கச் சில விநாடிகளே கிடைக்கும் என்பதாலேயே, முடிவு தரையில் அமைதியாக இருக்கும்போதே எடுக்கப்பட்டு விடுகிறது.

புலன்கள் ஏமாற்றும் விதம்

1978-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு, மும்பையிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்னும் போயிங் 747 விமானம், எழும்பிய இரண்டு நிமிடங்களுக்குள் பாந்திராவுக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 213 பேரும் மாண்டனர். விமானம் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதைக் காட்டும் கருவி தலைமை விமானியின் பக்கத்தில் பழுதுற்றிருந்தது. விமானம் சமநிலைக்கு வந்த பின்னும் அது வலப்புறம் சாய்ந்திருப்பதாகவே அக்கருவி காட்டியது. அதைத் திருத்தும் எண்ணத்துடன் அவர் இடப்புறம் சாய்க்கவே, விமானம் கவிழ்ந்து வீழ்ந்தது. பிற கருவிகளைக் கொண்டு விமானத்தின் உண்மை நிலையை அறிந்து மீட்கத் தவறியதும் காரணமென விசாரணையில் கண்டனர்.

அனுபவம் மிக்கவர் எவ்வாறு ஏமாந்தார் என்ற வினா எழும். நமது உட்செவியிலுள்ள அரைவட்டக் குழாய்களில் ஒருவகைத் திரவம் உள்ளது. தலை சுழலத் தொடங்கும்போது அத்திரவம் பின்தங்குவதால் சுழற்சியை உணர்கிறோம். சுழற்சி ஒரே சீராக நீடித்தால் திரவமும் உடன் சுழலத் தொடங்கி, உணர்ச்சி மறைந்து விடுகிறது. பகலில் தொடுவானத்தைக் கண்டு கண் இப்பிழையைத் திருத்தும். இருண்ட கடலின் மேல் தொடுவானம் இல்லை. எனவேதான் இத்தகைய சாய்வுக் கருவிகள் இரு விமானிகளுக்கும் தனித்தனியே அமைக்கப்படுவதோடு, பொதுவாக வேறொன்றும் வைக்கப்படுகிறது. ஒன்று மற்ற இரண்டோடு மாறுபட்டால் இரண்டையே நம்ப வேண்டும். மாறுபாட்டைக் கண்டவர் உடனே உரக்கக் கூற வேண்டும்.

ஒருவர் விமானத்தைச் செலுத்த, மற்றவர் கருவிகளையும் அவரது செயலையும் கண்காணிக்கும் முறை இதன் பொருட்டே வலியுறுத்தப்படுகிறது. 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் டெனரீஃப் தீவில் இரு பெரும் விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். அதன்பின், இளையவர் மூத்தவரிடம் தயங்காது எச்சரிக்கவும், மூத்தவர் அதனைச் செவிமடுக்கவும் தனிப் பயிற்சி உலகெங்கும் பரவியது. எனினும் இறுதி அதிகாரமும் இறுதிப் பொறுப்பும் தலைமை விமானியுடையனவே என்பது சர்வதேச விதி.

இறங்காது எழும்பும் உறுதி

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கோழிக்கோட்டில் கனமழையினிடையே, பின்னிருந்து வீசிய காற்றுடன் இறங்கியது. உரிய இடத்தைத் தாண்டி, பாதையின் நடுப்பகுதிக்கு அருகே அது தரையைத் தொட்டது. பாதையின் முடிவைக் கடந்து சரிவில் வீழ்ந்ததால், இரு விமானிகள் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். நிலைபெறாத அணுகுதலைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்பியிருக்க வேண்டும் என்பதே விசாரணையின் சாரம். இறங்கும் தறுவாயில் விமானம் திடீரென மேலெழுந்தால் பிரயாணிகள் அஞ்சுவதுண்டு. உண்மையில் அது விமானி தம் கடமையைச் செய்ததன் அடையாளமாகும்.

தகுதியும் ஓய்வும்

இந்தியாவில் வணிக விமானி உரிமத்திற்கு 18 வயதும் 200 மணி நேரப் பறப்பும் தேவை. தலைமை விமானியாக உயர்வதற்கான உரிமம் பெற 21 வயதும் 1,500 மணி நேரப் பறப்பும் வேண்டும். பின்னரும் பாவனை யந்திரத்தில் குறித்த காலந்தோறும் சோதிக்கப்படுவர். மருத்துவப் பரிசோதனையும் தொடரும். பறப்பதற்கு முந்திய 12 மணி நேரம் மது அருந்தலாகாது. களைப்பும் மதுவைப் போலவே அறிவை மழுங்கச் செய்யுமாதலால், 2025-இல் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தப்பட்டது.

தரையில் உள்ளோர் கடமை

2025-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் நவி மும்பை விமான நிலையம் சேவையைத் தொடங்கிற்று. நெருள் அதிலிருந்து 10 கிலோமீட்டர் வட்டத்தினுள் அமைந்துள்ளது. இப்பகுதியின் ஈரநிலங்களுக்குக் குளிர்காலந்தோறும் பூநாரைகள் பெருந்திரளாக வருகின்றன. 2024-ஆம் ஆண்டு மே மாதம் காட்கோபர் அருகே, இறங்கவந்த விமானமொன்றில் மோதி ஏறக்குறைய 40 பூநாரைகள் இறந்தன. விமானம் பத்திரமாக இறங்கிற்று. ஈரநிலங்கள் அழிந்தால் பறவைகள் இடம் தேடி அலைந்து விமானங்களின் வழியில் குறுக்கிடக்கூடும். குப்பையும் இறைச்சிக் கழிவும் பருந்துகளை ஈர்க்கும். ஆதலின், விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் அவற்றைக் கொட்டுவதை விதிகள் விலக்கியுள்ளன. இறங்கும் விமானத்தின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சுவதும் விமானியின் கண்ணைக் கூசச் செய்து பலர் உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

களப்பணியாளர்கள் இவற்றை மக்களிடம் எடுத்துரைத்தல் வேண்டும். ஆசிரியர்கள் உட்செவியின் தன்மையை எளிதில் விளக்கலாம். ஒரு மாணவரைக் கண் கட்டிச் சுழல் நாற்காலியில் அமர்த்தி, அரை நிமிடம் மெதுவாகவும் ஒரே சீராகவும் சுழற்றி, பின் நிறுத்துக. தாம் எத்திசையில் சுழல்வதாக உணர்கிறார் எனக் கேட்டால், அவர் பெரும்பாலும் எதிர்த்திசையைக் கூறுவார். விழாதபடி இருவர் அருகே நிற்பது அவசியம்.