கையில் பிடித்த சக்கரம்

கார்த்திகை பிறந்தால் போதும், பரணில் கிடக்கும் குத்துவிளக்குக்கு யோகம் அடித்துவிடும். அந்தக் காலத்துப் பாட்டிமார் புளியையும் செங்கற்பொடியையும் வைத்துக்கொண்டு அரை நாள் தேய்ப்பார்கள். தோள்பட்டை வலிக்கும், ஆனால் விரல்களுக்கு ஆபத்தில்லை. இப்போதோ வீட்டுப் பிள்ளை ஒரு கை யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறான். 'உர்ர்' என்று ஒரு சத்தம். பத்து நிமிஷத்தில் விளக்கு தங்கம் போல் மின்னுகிறது. அம்மாவுக்கு ஒரே பூரிப்பு! பூரிப்பு நியாயமானதுதான். ஆனால் பையனின் கையில் இருப்பது என்ன யந்திரம் என்று நீங்கள் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது.

பெரும்பாலும் அது பாலிஷ் போடும் யந்திரமாகவே இராது. இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் பட்டறையில் வைத்திருக்கும் ஆங்கிள் கிரைண்டராக இருக்கும். (கிரைண்டர் என்றதும் இட்லி மாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது பரம சாது.) 1954-ல் ஜெர்மனியில் 'ஃப்ளெக்ஸ்' என்ற பெயரில் அதிவேக ஆங்கிள் கிரைண்டர் வெளிவந்தது. இன்றைக்கும் ஜெர்மானியர்கள், எந்தக் கம்பெனி தயாரித்ததானாலும், அதை 'ஃப்ளெக்ஸ்' என்றுதான் அழைக்கிறார்கள். பாலிஷ் யந்திரமும் இதுவும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. குணத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

கார் பாலிஷ் போடும் யந்திரம் நிமிஷத்துக்குச் சுமார் 600 முதல் 3,000 சுற்று வரை சுற்றும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் குமிழ் உண்டு. நாலு அங்குலக் கிரைண்டரோ பெரும்பாலும் ஒரே வேகம், 11,000 சுற்று. அந்தச் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதில் போய், 3,000 அல்லது 4,000 சுற்றுக்கென்று செய்த கம்பளிச் சக்கரத்தையோ துணிச் சக்கரத்தையோ மாட்டினால் என்ன ஆகும்? வேகம் மூன்று மடங்கானால், சக்கரத்தைப் பிய்த்தெறியும் விசை ஒன்பது மடங்காகிவிடும். மகாவிஷ்ணுவின் சக்கரமாவது காரியம் முடிந்ததும் கைக்குத் திரும்பி வரும். இது எங்கே போகும் என்று யார் சொல்வது?

ஆகையால் முதலில் இரண்டு எண்களைப் படியுங்கள். யந்திரத்தின் தகட்டில் ஒன்று. சக்கரத்தின் மேல் ஒன்று. சக்கரத்தில் உள்ள எண், யந்திரத்தில் உள்ளதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். சக்கரத்தில் எண்ணே இல்லையென்றால், அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கடைக்காரரிடமே இருக்கட்டும். பெரிய சக்கரம் நுழையவில்லை என்று பாதுகாப்பு மூடியைக் கழற்றிப் போடும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். அந்தச் சாமர்த்தியம் நமக்கு வேண்டாம்.

அடுத்தது பிடிப்பு. யந்திரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி கொடுத்திருப்பது அலங்காரத்துக்கல்ல. இரண்டு கைகளாலும் பிடிப்பதற்கு. அப்படியானால் விளக்கை யார் பிடிப்பது? இங்கேதான் நம்மவர்கள் காலால் மிதித்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள், அதுவும் வெறுங்காலால்! விளக்கை மேஜையில் வைத்து, மரக்கட்டையும் துணியும் கொடுத்துக் கிளாம்பில் இறுக்குங்கள். தம்பியையோ தங்கையையோ பிடித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் அது சும்மா இருக்கும். எதிர்ப்பக்கமாகத் தடவினால் சீறும். சக்கரமும் அப்படித்தான். சுற்றும் விளிம்பு, பொருளின் மேல் ஓடி ஓரத்தைத் தாண்டி வெளியே போக வேண்டும். வெளியிலிருந்து ஓரத்தை நோக்கி வந்து மோதினால் கவ்விக்கொள்ளும். அந்த க்ஷணத்தில் ஒன்று விளக்கு பறக்கும். அல்லது யந்திரம் உங்கள் பக்கம் துள்ளும். குத்துவிளக்கிலே ஓரங்களுக்கா பஞ்சம்? ஐந்து முகமும் ஐந்து பொறி! தண்டையும் பாதத்தையும் யந்திரத்தால் மெருகேற்றிவிட்டு, முகங்களைப் பழையபடி புளிக்கு விட்டுவிடுவதே என் யோசனை.

முந்தானை, துப்பட்டா, தோளில் போட்ட துண்டு, அவிழ்ந்த கூந்தல், கழுத்துச் சங்கிலி, கைவளை எல்லாமே சக்கரத்துக்குப் பிடித்தமானவை. இடுப்பில் இறுகச் செருகிய புடவைகூடப் போதாது. உடம்போடு ஒட்டிய சட்டையே நல்லது. லொடலொடவென்ற நூல் கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம்.

கண்ணுக்கு வருவோம். மூக்குக் கண்ணாடி இருக்கிறதே என்று தைரியப்படாதீர்கள். பக்கவாட்டில் திறந்த வாசல் இருக்கிறது. சுற்றிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். வேடிக்கை பார்க்க நிற்கும் குழந்தைகளுக்கு அதுவும் கிடையாது என்பதால், அவர்களை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். அப்படியும் ஒரு துகள் விழுந்துவிட்டால் தேய்க்காதீர்கள். வேட்டி நுனியால் எடுக்கும் வைத்தியமும், கருணையோடு வரும் பக்கத்து வீட்டுக்காரரின் வைத்தியமும் வேண்டவே வேண்டாம். இரும்புத் துகள் கருவிழியில் தங்கினால் ஒரே நாளில்கூடச் சுற்றிலும் துருவளையம் கட்டிவிடும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

வாசல் கேட்டின் பழைய பெயிண்டைச் சுரண்டவும் இதே யந்திரத்தை எடுக்கிறார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடும் வரம்பு விதித்த சட்ட விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சானால் தூசியில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கெடுதல். பழைய பெயிண்டை யந்திரத்தால் பொடியாக்காமல், தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, துகளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

மின்சார சமாசாரம் ஒன்று பாக்கி. யந்திரத்தின் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உடையது. இரண்டு முனைப் பிளக்கே போதும். மூன்று முனை உள்ளதானால் எர்த் முனையைப் பிடுங்கக் கூடாது. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருந்தால் பெரிய தைரியம். இருக்கிறதென்று ஈரத்தரையில் நிற்க வேண்டாம்.

வேலை நடுவே கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சை முன்னே தள்ளிப் பூட்டியபடியே யந்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு ஒருவர் காபி குடிக்கப் போகிறார். கரண்ட் திரும்பியதும் ஆளில்லாத யந்திரம் தானாகவே கிளம்பித் தரையெல்லாம் நாட்டியமாடும்! கரண்ட் போன உடனே ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சக்கரம் மாற்றும்போதும் அப்படியே. புதுச் சக்கரத்தை, முகத்துக்கு நேராக இல்லாமல், ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிட்டுப் பார்த்த பிறகு விளக்கின் அருகே கொண்டுபோங்கள். அணைத்த பிறகும் சக்கரம் சில விநாடி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அது நின்ற பிறகே யந்திரத்தைக் கீழே வைக்கலாம்.