ரன்டைம் எரர் 200

1990களின் பின்பாதியில், டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் பல திடீரென்று திறக்க மறுத்தன. 386, 486 கணினிகளில் ஆண்டுக்கணக்காகச் சொன்ன பேச்சைக் கேட்டவை அவை. அதே கோப்பைப் புதிதாக வாங்கிய பென்டியம் 2இல் போட்டு என்டர் தட்டினால், கறுப்புத் திரையில் ஒரே வரி வரும்: ‘ரன்டைம் எரர் 200’. அத்தோடு சரி. 200 என்றால் சுழியால் வகுத்த பிழை. எழுதியவர் தன் நிரலை வரிவரியாகப் புரட்டிப் பார்ப்பார். வகுத்தல் கணக்கே அதில் இருக்காது.

கோளாறு, அவருடைய முதல் வரி ஓடுவதற்கு முன்பே நடக்கும் ஒரு வேலையில் இருந்தது. டர்போ பாஸ்கலோடு வரும் ‘சிஆர்டி’ என்ற துணைத் தொகுதி, நிரல் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்துகொள்ளும். கணினிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு ஏறத்தாழ 55 மில்லிவினாடி. அந்த இடைவெளியில் வெற்றுச் சுழற்சி ஒன்று எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுத்து, மில்லிவினாடிக்கு இத்தனை என்று குறித்துவைக்கும். பிற்பாடு நிரல் ‘டிலே’ என்று கேட்கும்போது இந்தக் கணக்கை வைத்துத்தான் காத்திருக்கும். விடையை வைக்க ஒதுக்கிய இடத்திலோ 65,535க்கு மேல் கொள்ளாது. அதை எழுதிய காலத்தில் அது எட்டாத எண். சில்லுகள் 200 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து தாண்டியதும் விடை அந்த எல்லையை மீறியது. விடைக்கு இடம் போதாவிட்டாலும், சுழியால் வகுத்தாலும், சில்லு அடிப்பது ஒரே அபாய மணிதான். பாஸ்கல் 200 என்று எழுதிவிட்டு வெளியேறிவிடும். கணினி மந்தமாகி நிரல் படுத்ததைப் பார்த்திருக்கிறோம். கணினி வேகமாகி நிரல் படுத்தது இது.

அந்தக் காலத்துக் கோளாறுகளில் எனக்குப் பிடித்தது இதுதான். காரணம் முழுவதும் ஒரு ஆளின் கைக்குள் அடங்கும். எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் சாகும். சில பைட்டுகளை மாற்றும் ஒட்டு நிரல் ஒன்றை யாராவது நெகிழ்வட்டில் கொண்டுவந்து கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பிழைத்தும்விடும்.

சிங்கப்பூரின் ஈசூனில் அந்த ‘யாராவது’ பெரும்பாலும் அதே புளோக்கில் இருந்தார். ரப்பரும் அன்னாசியும் பயிரிட்ட லிம் நீ சூனின் பெயரைத் தாங்கிய இந்தப் பேட்டைக்கு 1988 டிசம்பர் 20ஆம் தேதி எம்ஆர்டி வந்தது. உட்லண்ட்ஸ் வரை தடம் நீண்ட 1996 வரை, வடக்கே போகும் ரயிலுக்குக் கடைசி நிலையம் நாம்தான். நார்த்பாயிண்ட் கடைத்தொகுதியும், சிங்கப்பூரின் முதல் பல்திரை அரங்கான ஈசூன் 10உம் 1992இல் திறந்தன. வீட்டில் ஒரு கணினி வந்துவிட்டால் அது கூடத்தில்தான் நிற்கும்; அப்பாவின் கணக்கும் பிள்ளைகளின் விளையாட்டும் அண்ணனின் பாஸ்கல் பாடமும் அதே பெட்டியில் நடக்கும். கெட்டுப்போனால் முதல் வைத்தியர், மேல்மாடியில் இருக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர். அவருக்கும் பிடிபடவில்லை என்றால் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர். பெட்டியைத் துணியில் சுற்றி ரயிலேற்றி, சிட்டி ஹாலில் மாறி, பூகிஸில் இறங்கி நடக்க வேண்டும். இன்று அதே இடத்துக்கு நியூட்டனில் மாறினால் போதும். லிட்டில் இந்தியா, அடுத்தது ரோச்சோர், நிலையத்தை ஒட்டியே கட்டடம். டௌன்டவுன் பாதையின் அந்தப் பகுதி திறந்தது 2015 டிசம்பரில். அதற்குள், நிரல் திறக்கவில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் வழக்கமே போய்விட்டது.

மேல்மாடி மாணவர் வந்து உட்கார்ந்ததும் பார்ப்பது இரண்டு கோப்புகளை: கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட். டாஸில் நிரல்களுக்குக் கிடைக்கும் அடிப்படை நினைவகம் 640 கிலோபைட். எலி ஓட்டி, குறுவட்டு ஓட்டி, சவுண்ட் பிளாஸ்டர் வரி எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டால், நிரலாக்கச் சூழல் திறக்க இடமிருக்காது. சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை நம் ஊர்ச் சரக்கு. சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்தது. அதற்கும் அச்சுப்பொறிக்கும் 7ஆம் எண் குறுக்கீட்டுக்காகச் சண்டை நடப்பது சகஜம். கோப்புகளில் சந்தேகம் வந்த வரியின் முன்னால் ‘ரெம்’ என்று தட்டினால் கணினி அந்த வரியைக் கண்டுகொள்ளாது. பாதி வரிகளுக்கு ரெம் போட்டு மறுதொடக்கம் செய்வது. திறந்தால் குற்றவாளி அந்தப் பாதியில், திறக்காவிட்டால் மறுபாதியில். 1993இல் வந்த எம்எஸ்-டாஸ் 6 இதை இன்னும் எளிதாக்கியது. தொடங்கும்போது எஃப்5 தட்டினால் இரண்டு கோப்புகளையும் தாண்டிப் போகும். எஃப்8 தட்டினால் ஒவ்வொரு வரிக்கும் நம்மிடம் அனுமதி கேட்கும்.

விண்டோஸ் 95, 98 காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மென்பொருள் வைத்த டிஎல்எல் கோப்பின் மேல் இன்னொன்று தன் பழைய பதிப்பை எழுதிவிடும். விசுவல் பேசிக் திறக்காது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸையே மறுபடி நிறுவுவார்கள். ஒரு தலைமுறைக்கே ‘ரீ-இன்ஸ்டால்’ என்ற கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்த காலம் அது.

அந்தப் பழக்கம் இன்று பலனளிப்பதில்லை. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் 2021க்குள் சொந்தக் கற்றல் கருவி வந்துவிட்டது. சாதாரண நிலைக் கணினிப் பாடம் 2017இலிருந்து பைத்தான் மொழியில் நடக்கிறது. பலரும் நிரல் எழுத வைத்திருப்பது விஎஸ் கோட். ஒருநாள் அதைத் திறந்தால் சாளரம் ஒரு கணம் மின்னிவிட்டு மறையும். அல்லது வெள்ளைத் தாளாக நிற்கும். எண் கிடையாது, செய்தி கிடையாது. பையன் அதை நீக்குவான், மறுபடி இறக்குவான், நிறுவுவான். மறுபடி அதே மின்னல்.

ஏன் என்றால், நீக்கும்போது போவது நிரல் மட்டுமே. அமைப்புகளும், நினைவில் வைத்த பழைய சாளரங்களும், தற்காலிகக் கோப்புகளும் பயனர் கோப்புறைக்குள் ‘ஆப்டேட்டா’ என்ற மறைவிடத்தில் அப்படியே இருக்கும். நீட்சிகள் அதே பயனர் கோப்புறையில் வேறொரு மூலையில். நோய் அங்கே, மருத்துவம் இங்கே. ஆப்டேட்டாவுக்குள் விஎஸ் கோட் வைத்திருக்கும் கோப்புறைக்கு வேறு பெயர் வைத்துவிட்டுத் திறந்து பார்த்தால் போதும், பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும். அழிக்கக் கூடாது, பெயர் மாற்றினால், குற்றம் அதில் இல்லை என்று தெரியும்போது பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு இடம் படவரைவு அட்டை. விஎஸ் கோட் உண்மையில் ஓர் உலாவியின் உடம்பில் உட்கார்ந்த எழுத்துப்பெட்டி. குரோமியம்தான் உள்ளே ஓடுகிறது. எழுத்தைக்கூட அது படவரைவுச் சில்லின் உதவியால் வரைகிறது. இரவில் விண்டோஸ் தானாகவே திரை இயக்கியைப் புதுப்பித்திருக்கும்; காலையில் நிரலாக்கச் சூழல் வெள்ளையாக நிற்கும். நிரலில் யாரும் கை வைக்கவில்லையே என்று பையன் சத்தியம் செய்வான். அவன் சொல்வது உண்மைதான். கட்டளைச் சாளரத்திலிருந்து ‘டிஸேபிள்-ஜிபியு’ என்ற சொல்லைச் சேர்த்துத் திறந்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது நீட்சிகள். யாரோ எங்கோ எழுதிய 32 நீட்சிகளை ஏற்றி வைத்திருப்பார்கள். இதற்கு விஎஸ் கோட் தரும் கருவியைப் பார்த்தால் மேல்மாடி அண்ணன் சிரிப்பார். ‘எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ என்று பெயர். பாதி நீட்சிகளை அணைத்துவிட்டு, “இப்போது சரியா?” என்று கேட்கும். நம் பதிலைப் பொறுத்து மிச்சத்தில் பாதி. 32 இருந்தால் ஐந்தே சுற்றில் ஆள் பிடிபடும். ரெம் போட்டுச் செய்த அதே வேலை, பொத்தான் வடிவில். சாளரமே நிற்காமல் மறைந்தால் இந்தக் கருவிக்குப் போக வழியில்லை. அப்போது ‘டிஸேபிள்-எக்ஸ்டென்ஷன்ஸ்’ சேர்த்துத் திறந்து, எல்லாவற்றையும் அணைத்து, கையால் பாதி பாதியாக ஏற்ற வேண்டியதுதான்.

இன்றைய நிரல்கள் ஊமை என்று முழுக்கச் சொல்லிவிடவும் முடியாது. திரையில் ஒன்றும் காட்டாமல் போனாலும் பதிவேட்டில் பக்கம் பக்கமாக எழுதிவைத்துவிட்டுத்தான் போகின்றன. எக்லிப்ஸ் என்ற நிரலாக்கச் சூழல், பணித்தளத்தின் ‘.மெட்டாடேட்டா’ கோப்புறையில் ‘.லாக்’ என்று வைக்கும். விண்டோஸின் ‘ஈவென்ட் வியூவர்’ எந்த நிரல் விழுந்தது, எந்தக் கோப்பால் விழுந்தது என்று குறித்திருக்கும். அதில் ‘ஃபால்டிங் மாட்யூல்’ என்ற வரியில் திரைஅட்டை நிறுவனத்தின் டிஎல்எல் பெயர் இருந்தால் பையன் எழுதிய பைத்தானைக் குறைசொல்ல வேண்டாம். சி0000005 என்று முடியும் எண் இருந்தால், தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தை நிரல் தொட்டது என்று பொருள். அன்று ஒரு வரி. அதை எல்லாரும் படித்தார்கள். இன்று ஆயிரம் வரி. திறந்து பார்ப்பவர் குறைவு. இப்போது சிலர் அந்த ஆயிரம் வரியையும் அப்படியே செயற்கை நுண்ணறிவிடம் கொட்டி விளக்கம் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் கடைசிப் பத்து வரியையாவது தானே படித்தவனுக்குத்தான் வந்த பதில் சரியா என்று தெரியும்.

இடையில் ஒன்று. லீ சியன் லூங் பிரதமராக இருந்தபோது, 2015இல், தாம் சி++ மொழியில் எழுதிய சுடோக்கு நிரலை ஃபேஸ்புக்கில் எல்லாருக்கும் பொதுவில் வைத்தார். கறுப்பு டாஸ் சாளரத்தில் வரிவரியாக எண்களைத் தட்டிக் கொடுக்கும் எளிய நிரல். நாட்டின் தலைவர் எழுதிய நிரலில் ஊரே குறை கண்டுபிடித்து மகிழ்ந்தது வேறு கதை. நீட்சியும் படவரைவும் இல்லாத அப்படிப்பட்ட நிரலில் திறக்கும்போதே விழுவதற்கு அதிகம் எதுவும் கிடையாது.

விழுந்தால் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை 2024 ஜூலை 19ஆம் தேதி பார்த்தோம். கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு புதுப்பிப்புக் கோப்பு, உலகம் முழுக்க ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகளைத் தொடங்கவே விடாமல் செய்தது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையாலேயே பதிவு செய்தன. அதற்குச் சொல்லப்பட்ட மருந்து: பாதுகாப்பு முறையில் தொடங்கு, அந்த ஒரு கோப்பை அழி, மறுபடி தொடங்கு. எஃப்5 தட்டிய கைகளுக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

தமிழர் வீட்டில் வரும் கோளாறு ஒன்று உண்டு. கணினியில் புதுக் கணக்குத் தொடங்கும்போது ஆசையாகப் பெயரைத் தமிழில் தட்டுவோம். குமரன் என்று வைத்தால் விண்டோஸ் அதே பெயரில் கோப்புறையும் திறக்கும். பல நிரலாக்கக் கருவிகள் தங்கள் அமைப்புகளைத் தேடி அந்தக் கோப்புறைக்குப் போகும். யூனிகோடு முழுதாக அறியாத கருவி, விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியல் வழியாகத்தான் அந்தப் பெயரைப் படிக்கும். சீனத்துக்கு 936 என்ற பட்டியல் உண்டு. ஆங்கிலமும் மலாயும் 1252இல் அடங்கும். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் இப்படி ஒரு பட்டியலே இல்லாதது தமிழ் மட்டும்தான்; விண்டோஸ் 2000இல் தமிழ் வந்தபோதே யூனிகோடாக மட்டும் வந்தது. அதனால் சீனப் பெயர் வைத்தவர் கணினியின் மொழி அமைப்பை மாற்றித் தப்பிக்கலாம். நமக்கு மாற்ற இடமில்லை. நான்கெழுத்துக் குமரன், புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், கருவியின் கண்ணுக்கு ஆறு கேள்விக்குறிகள்: சி:\யூசர்ஸ்\??????. கேள்விக்குறி விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே கூடாத குறி. அப்படி ஒரு கோப்புறை இல்லை என்று கருவி தொடங்கும்போதே விழுந்துவிடும். 

யூனிகோடின் 1991 முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனாலும் அந்தப் பத்தாண்டு முழுக்க ஒவ்வொரு எழுத்துருவும் தனிக் குறியீடு வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் அடித்த கடிதம் அடுத்தவர் திரையில் கிறுக்கலாகத் தெரிந்த காலம். தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்ட நா. கோவிந்தசாமி 1997இல் சிங்கப்பூரில் கூட்டிய தமிழ்நெட் மாநாட்டின் பேச்சே இந்தக் குறியீட்டுச் சிக்கல்தான். 1999இல் அவர் காலமானார். எழுதவும் படிக்கவும் அந்தச் சிக்கல் தீர்ந்து வெகுநாளாகிறது. நிரல் திறக்கும் அந்த முதல் நொடியில் மட்டும் அதன் மிச்சம் இருக்கிறது.

உதாரணத்துக்கு, புள்ளியியல் மாணவர்கள் நாடும் ஆர் மொழி, விண்டோஸில் யூனிகோடின் வடிவமான யூடிஎஃப்-8ஐத் தன் இயல்பான குறியீடாக எடுத்துக்கொண்டது 2022இல் வந்த 4.2 பதிப்பில்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து நுழைபவர்களுக்குத் தொல்லை இல்லை. மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்தெழுத்தே கோப்புறைப் பெயராகிவிடும். கணினியிலேயே கணக்குத் தொடங்குபவர்கள் முதலில் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துக் கோப்புறையை உருவாக்கிக்கொண்டு, பிறகு காட்டும் பெயரைத் தமிழுக்கு மாற்றலாம், கோப்புறை மாறாது. பழைய பட்டியல்களுக்குப் பதில் எல்லாவற்றுக்கும் யூடிஎஃப்-8 என்று சொல்லும் ஒரு தேர்வுப் பெட்டியும் 2018 முதல் விண்டோஸின் வட்டார அமைப்புகளில் இருக்கிறது. அதைத் தேர்ந்தால் தமிழ்ப் பெயர் ஓரளவு தப்பும், சில பழைய நிரல்கள் குழம்பும். அந்தப் பெட்டியின் பக்கத்தில் ‘பீட்டா’ என்று போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.